கொரானா ‘செய்து கொடுத்தவர்’ மட்டும்தானா?

வாசகர் கேள்வி, 2022 ஜனவரி 8

ரீச்சர், நான் உயர்தரம் உயிரியல் பிரிவு. வருகிற மாதம் சோதனை. 1968 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை மூன்று பேருக்குப் பிரித்தார்கள். நைரன்பர்க் முதல் கோடோனை, அதாவது ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்லைக் கண்டுபிடித்தவர். ஹோலி, புரதம் கட்டுமிடத்துக்கு அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் இடமாற்று ஆர்.என்.ஏ ஒன்றின் வரிசையை முழுதாக வாசித்தவர். கொரானா மற்றவர்களுக்கு வேண்டிய மூலக்கூறுகளைச் செய்து கொடுத்தவர் மட்டும்தானே? அவருக்கும் ஏன் சமபங்கு?

2022 ஜனவரி 9, காலை

தம்பி, ‘செய்து கொடுத்தவர் மட்டும்தானே’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். சோதனைக்கு நாலு கிழமைதான் இருக்கிறது, சுருக்கமாக ஒரு விடை தந்தால் உனக்குப் போதும். ஆனால் இன்றைக்கு ஹர் கோபிந்த் கொரானாவின் நூறாவது பிறந்தநாள். 1922 ஜனவரி 9 என்பது பதிவேட்டில் உள்ள திகதி. உண்மையில் பிறந்த நாள் எதுவென்று அந்தக் கிராமத்தில் யாரும் குறித்து வைக்கவில்லை. என் அம்மம்மாவுக்கும் பத்திரத்தில் ஒரு நாள், வீட்டில் சொல்லும் நாள் வேறு.

சுருக்கமான விடை இதுதான். ஆர்.என்.ஏயில் ஏ, யூ, சீ, ஜீ என்று நாலு எழுத்து; புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. எந்த மூன்று எழுத்து எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்று அறிய, வரிசை முன்கூட்டியே தெரிந்த ஆர்.என்.ஏ வேண்டும். நீளமாகவும் பிழையில்லாமலும் அப்படி ஒன்றைச் செய்யும் வழியைக் கண்டவர் கொரானா. 64 கோடோன்களையும் கண்டுபிடித்தவர் அவர்தான்.

2022 ஜனவரி 9, இரவு

காலையில் எழுதிய கடைசி வரி பிழை. அவசரத்தில் எழுதிவிட்டேன், திருத்துகிறேன். 64 மும்மை எழுத்துத் துண்டுகளையும் வேதியியல் முறையில் தயாரித்தது கொரானாவின் குழு. எந்தத் துண்டு எந்த அமினோ அமிலத்தைப் பிடிக்கிறது என்று 1964 முதல் சோதித்துப் பார்த்ததில் நைரன்பர்க்கும் பிலிப் லீடரும் முன்னுக்கு நின்றார்கள். அந்த முறையில் சில கோடோன்கள் தெளிவில்லாமல் மங்கலாக வந்தன. அவற்றைத் தீர்த்து வைத்ததும், மற்றவற்றை வேறு வழியால் உறுதிசெய்ததும் கொரானா செய்த நீண்ட சங்கிலிகள். 1966 அளவில் அட்டவணை முழுமையடைந்தது, இரண்டு பக்கத்து வேலையும் சேர்ந்துதான்.

அதனால் ‘யார் முதல்’ என்று கேட்டால் நைரன்பர்க். 1961 இல் மத்தேயுடன் சேர்ந்து யூ எழுத்து மட்டும் உள்ள ஆர்.என்.ஏயைப் போட்டு பினைலலனின் சங்கிலியை எடுத்தார். அதில் எனக்குச் சண்டை இல்லை.

2022 ஜனவரி 11

மாலை கட்டுவதை வைத்து விளங்கப்படுத்துகிறேன். நான் வகுப்பில் இப்படித்தான் சொல்லிக் கொடுப்பது.

எங்கள் வளவில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் நிற்கின்றன. வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோக அம்மா சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று மாறி மாறிக் கட்டுவார். இனி அந்த மாலையை இரண்டிரண்டு பூவாக வெட்டு. எல்லாத் துண்டும் ஒரே மாதிரி வரும். நாலு நாலாக வெட்டினாலும் ஒரே மாதிரிதான். மூன்று மூன்றாக வெட்டினால் மட்டும் சிவப்பு-வெள்ளை-சிவப்பு, வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்று இரண்டு வகை மாறி மாறி வரும்.

கொரானா செய்தது இதே வேலைதான், பூவுக்குப் பதில் யூவும் சீயும். யூசீயூசீயூசீ என்று நீளும் ஆர்.என்.ஏயைக் கலச்சாற்றில் இட்டார். வந்த புரதத்தில் செரின், லியூசின், செரின், லியூசின் என்று இரண்டு அமினோ அமிலங்கள் மாறி மாறி இருந்தன. கலம் இரண்டிரண்டாக வாசித்திருந்தால் ஒரே அமினோ அமிலம்தான் வந்திருக்கும். நாலு நாலாக என்றாலும் அதேதான். இதைவிட வடிவான ஒரு சோதனையை நான் படித்ததில்லை. இருபது வருடத்துக்கு மேலாகப் படிப்பிக்கிறேன், ஒவ்வொரு வருடமும் இந்த இடத்துக்கு வரும்போது எனக்குச் சந்தோசம்.

நைரன்பர்க்கின் ஆரம்பகால வழியில், இரண்டு எழுத்தைக் கலந்து விட்டால் அவை கண்டபடி சேர்ந்துகொள்ளும். உதிரிப் பூவைக் கூடையில் கொட்டியது போல. எத்தனை சிவப்பு, எத்தனை வெள்ளை என்று எண்ணலாம், எது முன்னுக்கு எது பின்னுக்கு என்று சொல்ல முடியாது. வரிசையைக் கட்டுவதற்கு ஒரு கை வேண்டும்.

2022 ஜனவரி 12

ஒரு வாசகர் சரியாகவே கேட்டிருக்கிறார்: மரபுக் குறியீடு மூன்று எழுத்தால் ஆனது என்று 1961 இலேயே கிரிக்கும் பிரெனரும் சொல்லிவிட்டார்களே? ஆம். பற்றீரியாவைத் தாக்கும் வைரசில் எழுத்துக்களைக் கூட்டிக் குறைத்து அதைக் காட்டினார்கள். ஒன்றைக் கூட்டினால் ஜீன் பழுது, இரண்டு என்றாலும் பழுது, மூன்றைக் கூட்டினால் திரும்ப வேலை செய்கிறது. அது பிறப்புரிமையியல் வழி. கொரானாவினது இரசாயன வழி, புரதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தது. முதன்முதலில் நிரூபித்தவர் கொரானா என்று நான் நேற்று எழுதவில்லை, ஆனால் அப்படி வாசிக்க இடம் விட்டுவிட்டேன்.

2022 ஜனவரி 16

பொங்கலன்று யாரும் எழுதமாட்டார்கள் என்று பார்த்தால் மூன்று பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருக்கிறீர்கள். யூசீயூ, சீயூசீ இரண்டில் எது செரின், எது லியூசின்? மாலையை வெட்டினால் இரண்டு வகை வரும் என்பது சரி, எந்த வகைக்கு எந்தப் பெயர்?

நல்ல கேள்வி. நான் தந்த உதாரணம் அதற்கு உதவாது. கேள்வி கேட்ட தம்பியே யூயூசீ என்ற மூன்றெழுத்து மீண்டும் மீண்டும் வரும் சங்கிலியோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அதில் பினைலலனின், செரின், லியூசின் மூன்றும் வருகின்றன. இரண்டு சோதனைக்கும் பொதுவான கோடோன் யூசீயூ ஒன்றுதான், ஆனால் பொதுவான அமினோ அமிலங்கள் இரண்டு. மாட்டிக்கொண்டார். அவர் பிழை இல்லை, உதாரணம் அப்படி. லியூசினுக்கு ஆறு கோடோன்கள் இருப்பதால் வரும் வினை.

இதை எடுத்துப் பாருங்கள்.

ஏசீஏசீஏசீ என்ற சங்கிலியில் இருப்பவை ஏசீஏ, சீஏசீ. கிடைத்தவை திரியோனின், ஹிஸ்டிடின்.

சீஏஏசீஏஏசீஏஏ என்ற சங்கிலியை எங்கே தொடங்கி வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்து சீஏஏ, ஏஏசீ, ஏசீஏ. ஒரு தடத்தில் தொடங்கினால் கடைசிவரை அதே கோடோன்தான், அதனால் ஒவ்வொரு புரதச் சங்கிலியிலும் ஒரே அமினோ அமிலம். கிடைத்தவை குளுட்டமின் மட்டும் உள்ளது, அஸ்பராஜின் மட்டும் உள்ளது, திரியோனின் மட்டும் உள்ளது.

இரண்டுக்கும் பொதுவான கோடோன் ஏசீஏ. பொதுவான அமினோ அமிலம் திரியோனின். ஆகவே ஏசீஏ என்றால் திரியோனின். மிச்சம் இருக்கும் சீஏசீ, ஹிஸ்டிடின். சுடோக்கு நிரப்புவது மாதிரி. ஒரு கட்டம் விழுந்தால் அடுத்தது தானாக விழும்.

2022 ஜனவரி 23

இன்றைக்கு ஞாயிறு, வகுப்பு இல்லை, நீளமாக எழுதப் போகிறேன். ‘செய்து கொடுத்தவர்’ என்ற சொல்லுக்கு இப்போதுதான் வருகிறேன். செய்வது என்றால் என்ன?

இரசாயனவியலில் எஸ்தர் தயாரிப்பு படித்திருப்பீர்கள். அமிலம், அற்ககோல், ஒரு துளி சல்பூரிக்கமிலம், வெப்பம். முடிந்தது. டி.என்.ஏ, ஆர்.என்.ஏயின் ஓர் எழுத்தான நியூக்கிளியோரைட்டு இரண்டைப் பொஸ்பேற்றால் இணைப்பதும் தாளில் அப்படித்தான் தெரியும். ஆனால் ஒரு நியூக்கிளியோரைட்டில் பிடிபடக்கூடிய இடங்கள் பல. வெல்லத்தில் ஐதரொட்சில், எழுத்தைத் தீர்மானிக்கும் மூலத்தில் அமினோ, பொஸ்பேற்றில் ஒட்சிசன். எல்லாம் ஒரே நேரத்தில் கை நீட்டும். நமக்கு வேண்டிய ஒரு கையை மட்டும் விட்டு மற்றக் கைகளை எல்லாம் துணி சுற்றிக் கட்ட வேண்டும். பிறகு இணைக்க வேண்டும். பிறகு துணியை அவிழ்க்க வேண்டும், இணைந்தது பிரியாமல். பிறகு இணையாமல் மிஞ்சியதையும் பிழையாக இணைந்ததையும் பிரித்தெடுக்கும் குழாயான நிரலில் ஊற்றிப் பிரிக்க வேண்டும். அடுத்த எழுத்துக்கு மீண்டும் முதலில் இருந்து. இந்தத் துணிகளைத்தான் காப்புக் கூட்டங்கள் என்கிறோம். எந்த இடத்துக்கு எந்தத் துணி என்று கண்டுபிடிக்கவே வருடங்கள் போயின.

இணைக்கும் பொருளான கார்போடைஇமைட்டு அவர் கைக்கு வந்த கதையும் எனக்குப் பிடிக்கும். லிவர்பூலில் கலாநிதிப் பட்டம் முடித்து 1948 இல் சூரிக்கில் பிரெலொக்கின் ஆய்வுகூடத்துக்குப் போனார். ஊதியம் இல்லை. ஆய்வுகூடத்திலேயே தங்கியிருந்தார். அங்கே பழைய ஜெர்மன் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டும்போதுதான் யாரும் பெரிதாகக் கவனிக்காத இந்தப் பொருளைக் கண்டார். பிறகு கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் டொட்டிடம் வேலை செய்தபோது அதைப் பொஸ்பேற்று இணைப்புக்குப் பயன்படுத்தினார். நூலகத்தில் இருந்து தூசி தட்டி எடுத்த ஓர் இரசாயனப் பொருள்.

இப்போது முக்கியமான இடம். ஆர்.என்.ஏயில் வெல்லத்தின் இரண்டாவது காபனில் ஒரு ஐதரொட்சில் கூடுதலாக இருக்கிறது. கட்ட வேண்டிய கை இன்னும் ஒன்று. அதனால் நீண்ட ஆர்.என்.ஏயை நேரடியாகச் செய்வது அன்றைக்குக் கடினம். கொரானா சுற்றுவழியில் போனார். ஒரு டசின் எழுத்தளவில் குட்டி டி.என்.ஏ துண்டுகளை, ஒன்றுக்கொன்று பொருந்தும் இரண்டு இழைகளாக, கையால் செய்தார். ஆர்தர் கோர்ன்பேர்க் கண்டுபிடித்திருந்த டி.என்.ஏ பொலிமரேசு என்ற நொதியத்திடம் அதைக் கொடுத்தார். நொதியம் அதே வரிசையை நீட்டி நீட்டி நெடுஞ்சங்கிலியாக்கியது. பிறகு இன்னொரு நொதியம் அதைப் பார்த்து ஆர்.என்.ஏ எழுதியது. இரசாயனம் எங்கே நிற்க வேண்டும், நொதியத்தை எங்கே வேலைக்கு விட வேண்டும் என்று தெரிந்திருப்பது பெரிய அறிவு. சேதன இரசாயனத்தில் வளர்ந்த ஒருவர் உயிரின் கருவிகளை இப்படிக் கையில் எடுத்ததுதான் மூலக்கூற்று உயிரியலுக்கு அவர் கொடுத்த பெரிய கொடை என்று நான் நினைக்கிறேன். குறியீட்டை விடப் பெரியது.

தம்பி, இதைத்தான் நீ ‘செய்து கொடுத்தவர் மட்டும்’ என்றாய்.

2022 பெப்ரவரி 6

நாளைக்குச் சோதனை தொடங்குகிறது. யாரும் இந்தப் பக்கம் வரவேண்டாம். நித்திரை கொள்ளுங்கள்.

2022 மார்ச் 13

திரும்ப எழுத நேரம் கிடைத்தது. இடையில் ஒருவர் கேட்டிருந்தார், கொரானா என்று கைப்பேசியில் தேடினால் கொரோனாவாக வருகிறது, வேறு எப்படித் தேடுவது என்று. முழுப்பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஆனால் இரண்டுக்கும் உண்மையிலேயே ஒரு தொடர்பு இருக்கிறது, சொல்கிறேன்.

2020 இல் எங்கள் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும், வைரசின் துண்டைப் படியெடுத்துப் பெருக்கிக் காட்டும் பீ.சி.ஆர் சோதனை செய்தார்கள். மூக்குக்குள் குச்சி விட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தச் சோதனைக்கு வைரசின் வரிசையோடு பொருந்தும், இருபது எழுத்தளவில் உள்ள குட்டி டி.என்.ஏ துண்டுகள் வேண்டும். இன்று அவற்றை இயந்திரம் செய்கிறது. அந்த இயந்திரத்துக்குள் இருக்கும் இரசாயனத்தை உருவாக்கிய காரதர்ஸ், கொரானாவின் ஆய்வுகூடத்தில் வேலை பழகியவர். முறை மாறிவிட்டது, ஆனால் ‘கட்டு, இணை, அவிழ், அடுத்தது’ என்ற ஒழுங்கு அதே ஒழுங்கு.

இன்னும் ஒன்று. 1971 இல் கொரானாவின் குழு, கிளெப்பே என்பவரை முதல் ஆசிரியராகக் கொண்டு, ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. இரண்டு குட்டித் துண்டுகளை இரண்டு பக்கமும் ஒட்டவிட்டு, நொதியத்தால் நிரப்பி, சூடாக்கி இழைகளைப் பிரித்து, திரும்பச் செய்யலாம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. பீ.சி.ஆரின் கரு அது. 1980களில் கரி முல்லிஸ் அதைக் கண்டுபிடித்துப் பெயர் பெற்றார். காப்புரிமை பற்றி வழக்கு வந்தபோது எதிர்த்தரப்பு இந்தக் கட்டுரையைத்தான் தூக்கிக் காட்டியது. 1991 இல் நடுவர் குழு முல்லிஸ் வேலை செய்த நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எண்ணம் இருந்தது வேறு, ஓட வைத்தது வேறு என்று நானும் ஏற்றுக்கொள்கிறேன். 1971 இல் கொதிசூட்டைத் தாங்கும் நொதியம் கையில் இல்லை, குட்டித் துண்டு ஒன்றைச் செய்யவே பெரும்பாடு.

1993 இல் முல்லிசோடு இரசாயன நோபலைப் பகிர்ந்த மைக்கேல் ஸ்மித், வன்கூவரில் கொரானாவிடம் பயின்றவர். இதை நான் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

2022 மார்ச் 31

பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை. இன்றைக்கு மகள் எனக்கு முன்னால் மெழுகுதிரியில் படித்துக்கொண்டிருக்கிறாள், நான் கைப்பேசியில் மிஞ்சிய மின்கலத்தில் எழுதுகிறேன்.

எனக்கு இது புதிது இல்லை. தொண்ணூறுகளில் வருடக்கணக்காக யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் மண்ணெண்ணெய், ஒரு நூல் திரி. ஒரு துளியும் வீணாகக் கூடாது. அந்த வெளிச்சத்தில்தான் சேதன இரசாயனம் படித்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமம் முழுவதும் எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்தபோது என் கையில் இருந்தது ஒரு பை. அதில் இரண்டு கொப்பி. மற்றவை வீட்டிலேயே கிடந்தன. தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் எங்கள் சேர் வகுப்பைத் திரும்பத் தொடங்கினார். கரும்பலகை இல்லை, ஒரு கதவைக் கழற்றி வைத்திருந்தார்கள். அன்றைக்கு அவர் சொன்ன கதைதான் கொரானா. பஞ்சாபில் ராய்ப்பூர் என்ற கிராமம், ஏறக்குறைய நூறு பேர், எழுத வாசிக்கத் தெரிந்த குடும்பம் என்று சொன்னால் அநேகமாக அவர்களுடையது ஒன்றுதான். தகப்பன் வரி எழுதும் பட்வாரி. முதல் படிப்பு ஒரு மரத்தின் கீழ். அதைச் சொல்லிவிட்டு மாமரத்தை அண்ணாந்து பார்த்தார். எங்களுக்கு வேறு ஒன்றும் சொல்லவில்லை, பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

அவர் சொல்லாமல் விட்டதைப் பிறகு நானே படித்தேன். 1947 பிரிவினையில் ராய்ப்பூர் பாகிஸ்தானுக்குப் போனது. குடும்பம் டெல்லிக்கு இடம்பெயர்ந்தது. கொரானா வெளிநாட்டில் இருந்து 1949 இல் திரும்பி வந்து வேலை தேடினார். கிடைக்கவில்லை. லிவர்பூல் கலாநிதிப் பட்டம், சூரிக் அனுபவம், எல்லாம் இருந்தும் இல்லை. திரும்ப இங்கிலாந்துக்கு, கேம்பிரிட்ஜ், 1952 இல் வன்கூவர், 1960 இல் விஸ்கொன்சின், 1970 இல் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம். 1966 இல் அமெரிக்கக் குடியுரிமை. 1969 இல் இந்தியா பத்ம விபூஷண் கொடுத்தது, பரிசு கிடைத்த பிறகு.

வெளிநாட்டில் இருந்து இந்த இழையை வாசிக்கும் ஒரு அண்ணா எழுதியிருக்கிறார், ‘ஊரில் இருந்திருந்தால் அவர் ஒன்றும் செய்திருக்க முடியாது, போனதுதான் நல்லது’ என்று. முன்பு நானும் அப்படித்தான் சொல்லுவேன். இப்போது அதை முழுதாகச் சொல்ல மனம் வரவில்லை. நோபல் குழுவுக்குத் தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதும்போது கொரானா முல்தான் பள்ளிக்கூடத்தில் தனக்குப் படிப்பித்த ரத்தன் லால் என்ற ஆசிரியரின் பெயரையும், லாகூரில் படிப்பித்த மகான் சிங்கின் பெயரையும் குறிப்பிட்டார். மகான் சிங் துல்லியமாகச் சோதனை செய்பவர் என்று சொல்லியிருக்கிறார். அந்தத் துல்லியம் லாகூரில் கிடைத்தது. போனவர் வெறுங்கையோடு போகவில்லை.

மாமரத்தடிச் சேர் இப்போது உயிரோடு இல்லை. இந்த இழையை அவர் வாசித்திருந்தால் என்னுடைய யூசீ உதாரணத்தை முதல் நாளே திருத்தியிருப்பார்.

மின்கலம் 6 வீதம். நிறுத்துகிறேன்.

2022 ஏப்ரல் 3

விட்டுப்போனது. குறியீட்டோடு அவர் நிற்கவில்லை. 1970 இல் ஈஸ்ட்டின் அலனின் இடமாற்று ஆர்.என்.ஏக்குரிய ஜீனை, 77 எழுத்துச் சோடி, முழுதாகச் செய்து முடித்ததாக அறிவித்தார்கள். ஹோலி வாசித்த அதே ஆர்.என்.ஏ. பரிசைப் பகிர்ந்தவர் வாசித்ததை இவர் எழுதிக் காட்டினார் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஆனால் அதற்குத் தொடக்கம், முடிவு காட்டும் பகுதிகள் இல்லை. 1976 இல் அவையும் சேர்த்து இன்னொரு ஜீனை, 207 சோடி, செய்து பற்றீரியாவுக்குள் விட்டார்கள். வேலை செய்தது. பிறகு அறுபது வயதை நெருங்கும்போது துறையையே மாற்றி, ஒளியை உணரும் மென்சவ்வுப் புரதங்களுக்குப் போனார், கண்ணில் உள்ள ரொடொப்சின் வரைக்கும். 2011 நவம்பர் 9 இல் காலமானார்.

2022 ஏப்ரல் 10

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். சோதனை நன்றாகச் செய்திருக்கிறாராம். ‘மட்டும்தானே’ என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கிறார். எடுக்கமாட்டேன் தம்பி, அந்தச் சொல் இல்லாவிட்டால் நான் இவ்வளவும் எழுதியிருக்க மாட்டேன்.

அவர் மெழுகுதிரி வெளிச்சத்தில் இருந்து ஏஏஜீ சங்கிலியையும் ஏஜீ சங்கிலியையும் ஒப்பிட்டு, ஆர்ஜினினும் குளுட்டமிக்கமிலமும் இரண்டிலும் வருவதால் இதுவும் மாட்டுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். சரி. ஜனவரியில் மாட்டியபோது நான் சொல்லித் தர வேண்டியிருந்தது. இந்த முறை ஏன் மாட்டுகிறது என்று தானே எழுதியிருக்கிறார்.

அப்படியென்றால் அடுத்தது இது. கொரானா ஜீயூஏஏ என்ற நாலெழுத்து மீண்டும் மீண்டும் வரும் சங்கிலியைச் செய்து கலச்சாற்றில் இட்டார். நீண்ட புரதம் ஒன்றும் வரவில்லை, மூன்று அமினோ அமிலம் கொண்ட துண்டுகள்தான் வந்தன. தாளில் ஜீயூஏஏஜீயூஏஏஜீயூஏஏ என்று எழுது. முதல் எழுத்தில் தொடங்கு, இரண்டாவதில் தொடங்கு, மூன்றாவதில் தொடங்கு. மூன்று மூன்றாக வெட்டிக்கொண்டு போ. ஒவ்வொரு தடவையும் எங்கே போய் நிற்கிறாய் என்று எழுதி அனுப்பு. அட்டவணையைப் பார்க்காமல் முதலில் முயற்சி செய்.